'மூச்சு வாங்குது, உக்காருங்கப்பா!' - சிஓபிடி நோயாளிகளை முடக்கும் வீட்டு அக்கறை; வீட்டுக்குள்ளேயே நடக்க வைப்பது எப்படி?

நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ள பெரியவர் இருக்கும் வீட்டில், அவருக்கென்று ஒரு நாற்காலி தானாகவே உருவாகிவிடும். டிவிக்கு எதிரே, ஃபேனுக்குக் கீழே, பாத்ரூமுக்குப் பக்கத்தில். கை எட்டும் தூரத்தில் தண்ணீர் பாட்டில், இன்ஹேலர், மாத்திரை டப்பா, செல்போன். அவர் எழுந்தால் போதும், உள்ளேயிருந்து ஒரு குரல் வரும்: "என்ன வேணும்? சொன்னா எடுத்துத் தர மாட்டோமா? மூச்சு வாங்கும், உக்காருங்கப்பா."

இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது, பாசம்தானே என்று தோன்றலாம். பாசம்தான். ஆனால் இந்த நோயைப் பொறுத்தவரை, அந்த நாற்காலி மெல்ல மெல்லச் செய்யும் கெடுதல் பலருக்கும் தெரிவதில்லை. மாத்திரை, இன்ஹேலர், ஆக்ஸிஜன் பற்றியெல்லாம் வீட்டில் பேச்சு நடக்கும். 'இன்னிக்கு எவ்வளவு நடந்தீங்க?' என்ற கேள்வி மட்டும் வராது.

சிஓபிடி என்பது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாகச் சுருங்கி, நுரையீரலின் காற்றுப் பைகள் சேதமடைந்து, உள்ளே போன காற்று சுலபமாக வெளியே வர முடியாத நிலை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ல் உலகம் முழுக்க சுமார் 35 லட்சம் பேர் இந்த நோயால் இறந்தார்கள். 2018-ல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வெளியான மதிப்பீட்டின்படி, 2016-ல் இந்தியாவில் மட்டும் சுமார் 5.5 கோடி பேருக்கு சிஓபிடி இருந்தது.

'புகைபிடிக்கிறவங்களுக்குத்தானே அது வரும்?' என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். திருவள்ளூர் மாவட்டத்தின் 45 கிராமங்களில், புகைபிடிக்காத 900 பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. 2011-ல் முடிவுகள் வெளியாயின. அவர்களில் 2.44 சதவீதம் பேருக்கு சிஓபிடி இருந்தது. ஒரு பீடியைக்கூடத் தொடாதவர்கள். விறகு அடுப்பு, சாணி வறட்டி, புகைபோக்கி இல்லாத சமையற்கட்டு என்று பல வருஷம் புகையில் நின்றவர்கள் நம் ஊர்களில் ஏராளம்.

மூச்சு ஏன் வாங்குகிறது?

நல்ல நுரையீரல் உள்ள ஒருவர் வேகமாக நடந்தால், வேகமாக இழுத்து வேகமாக விடுவார். கணக்கு சரியாகிவிடும். சிஓபிடி உள்ளவருக்கு இழுப்பதைவிட விடுவதுதான் பெரிய சிக்கல். குழாய் குறுகலாக இருப்பதால், பழைய காற்று முழுசாக வெளியேறும் முன்பே அடுத்த மூச்சை இழுக்க வேண்டி வருகிறது. நடக்க நடக்க, உள்ளே தேங்கும் காற்று கூடுகிறது. கூட்ட நேரத்து டவுன் பஸ் போலத்தான்: உள்ளே இருப்பவர்கள் இறங்காமல் வெளியே நிற்பவர்கள் ஏற முடியாது. நெஞ்சு நிறைந்தே இருக்கிறது, ஆனால் மூச்சு கிடைக்கவில்லை என்ற தவிப்பு.

அந்தத் தவிப்பு பயங்கரமானது. அதை ஒருமுறை அனுபவித்தவர் மறுபடி அந்தப் பக்கம் போகவே பயப்படுவார். முதலில் மாடிப்படியை விடுவார். பிறகு கடைக்குப் போவதை விடுவார். அப்புறம் கோயில், கல்யாண வீடு. கடைசியில் வாசலுக்கு வருவதுகூட நின்றுவிடும்.

இங்கேதான் வினை. உட்கார்ந்தே இருந்தால் தொடைத் தசை கரையும். பலவீனமான தசை, சின்ன வேலைக்கே சீக்கிரம் களைத்துப்போய், நுரையீரலிடம் இன்னும் அதிகக் காற்றைக் கேட்கும். அதாவது, நேற்று பாத்ரூம் போய்வர வாங்காத மூச்சு, இன்று வாங்கும். வீட்டில் இருப்பவர்கள் 'நோய் முத்திடுச்சு' என்று நினைப்பார்கள். சில சமயம் அது உண்மை. பல சமயம், முத்தியது நுரையீரல் நோய் அல்ல, தேய்ந்தது கால்.

பெல்ஜியத்தில் 2005-ல் வெளியான ஓர் ஆய்வில், சிஓபிடி உள்ள 50 பேரின் உடலில் கருவி பொருத்தி அன்றாட அசைவுகளை அளந்தார்கள். அவர்கள் ஒரு நாளில் நடந்தது சராசரியாக 44 நிமிடம். ஏறக்குறைய அதே வயதில் இந்த நோய் இல்லாதவர்கள் நடந்தது 81 நிமிடம். கிட்டத்தட்டப் பாதி. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து செய்த இன்னொரு ஆய்வு, 2006-ல் வந்தது. வாரத்துக்கு 2 மணி நேரமாவது நடப்பது, சைக்கிள் ஓட்டுவது போன்ற பழக்கம் உள்ள சிஓபிடி நோயாளிகள் மருத்துவமனையில் சேருவதும், சுவாச நோயால் இறப்பதும், அசையாமல் இருப்பவர்களைவிட 30 முதல் 40 சதவீதம் வரை குறைவாக இருந்தது.

நடப்பதால் நுரையீரல் சரியாகிவிடுமா? ஆகாது. ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனையில் எண் பெரிதாக மாறாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லையென்றால் ஆறு வாரம் கழித்து ரிப்போர்ட்டைப் பார்த்து 'எல்லாம் வேஸ்ட்' என்று விட்டுவிடுவார்கள். மாறுவது வேறு. அதே நுரையீரலை வைத்துக்கொண்டு கூடுதல் தூரம் போக முடிகிறது. அதே வேலைக்கு மூச்சு குறைவாக வாங்குகிறது. பயமும் குறைகிறது.

மருத்துவமனைக்குப் போகாமல் முடியுமா?

இந்த நோய்க்கான உடற்பயிற்சி சிகிச்சைக்கு 'நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி' என்று பெயர். வாரம் 2, 3 முறை, 6 முதல் 8 வாரம் வரை மருத்துவமனைக்குப் போய், பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் செய்வது. பலன் பற்றிய சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்த விஷயம். 2015-ல் 65 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த காக்ரேன் குழு, 'பலன் உண்டா இல்லையா என்று நிரூபிக்க இனி ஆய்வே தேவையில்லை' என்று அந்தக் கேள்வியையே மூடிவிட்டது.

அப்புறம் ஏன் யாரும் செய்வதில்லை? நம் ஊர் நிலைமையை நினைத்துப் பார்த்தால் பதில் கிடைத்துவிடும். மூச்சு வாங்கும் 65 வயதுக்காரர், இரண்டு பஸ் மாறி, வாரத்துக்கு மூன்று நாள், துணைக்கு வேலையை விட்டுவிட்டு வரும் மகனோ மகளோ. எத்தனை வாரம் தாக்குப்பிடிக்கும்? இது நமக்கு மட்டுமான சிக்கலும் இல்லை. அமெரிக்காவில் 2014-ல் சிஓபிடியால் மருத்துவமனையில் சேர்ந்த 1,97,376 முதியவர்களின் பதிவுகளைப் பார்த்தபோது, வீடு திரும்பிய 90 நாட்களுக்குள் இந்தப் பயிற்சியைத் தொடங்கியவர்கள் வெறும் 1.5 சதவீதம். அப்படித் தொடங்கியவர்களில் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 7.3 சதவீதம், மற்றவர்களில் 19.6 சதவீதம். ஓரளவு தெம்பாக இருந்தவர்களே பயிற்சிக்குப் போயிருப்பார்கள் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். இருந்தாலும் இவ்வளவு பெரிய இடைவெளியைச் சும்மா ஒதுக்கிவிட முடியாது.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் செய்து பார்த்த ஒரு வழி, நம் வீடுகளுக்கு நன்றாகவே பொருந்தும். 166 நோயாளிகள். ஒரு பாதிக்கு மருத்துவமனையில் பயிற்சி. மறுபாதிக்கு, பிசியோதெரபிஸ்ட் ஒரே ஒரு முறை வீட்டுக்குப் போனார். அதன்பிறகு வாரம் ஒரு போன் என்று ஏழு போன். அவ்வளவுதான். ஜிம் கருவி எதுவும் கிடையாது. சாப்பாட்டு மேஜை நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, கைக்குத் தண்ணீர் பாட்டில், காலுக்கு நடை. 2017-ல் முடிவு வந்தது: எட்டு வாரக் கடைசியில் வீட்டுக் குழு, மருத்துவமனைக் குழுவுக்குச் சளைக்கவில்லை. பயிற்சியை முடித்தவர்கள் வீட்டில் 91 சதவீதம், மருத்துவமனையில் 49 சதவீதம்!

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, இரண்டு குழுவிலுமே முன்னேற்றம் கரைந்திருந்தது. போன் நின்றது, நடையும் தேய்ந்தது. எட்டு வாரம் செய்து முடிக்கிற கோர்ஸ் அல்ல இது.

சொல்லும் விதத்தில்தான் எல்லாம்

அந்த ஏழு போன்களில் என்ன பேசினார்கள்? 'நடங்க, நடக்கணும், டாக்டர் சொல்லியிருக்கார்ல' என்று அதட்டவில்லை. பதிலை நோயாளியிடமிருந்தே வரவழைக்கும் பேச்சு முறையைப் பயன்படுத்தினார்கள். நம் வீட்டு மொழியில் சொன்னால் இப்படி இருக்கும்: "மூச்சு வாங்காம இருந்தா என்னப்பா செய்ய ஆசை?" பதில், "தெருமுனை டீக்கடைக்குப் போகணும்" என்று வரலாம். "பேத்தியை ஸ்கூல் வேன் வரைக்கும் கூட்டிட்டுப் போகணும்" என்று வரலாம். இலக்கு அதுதான். '6,000 ஸ்டெப்ஸ்' என்று செல்போன் சொல்வது யாருடைய ஆசையும் இல்லை.

அடுத்த கேள்வி: "இந்த வாரம் எவ்வளவு முடியும்னு தோணுது? அதை முடிச்சிடுவோம்ங்கற நம்பிக்கை பத்துக்கு எவ்வளவு?" நாலு, அஞ்சு என்றால் இலக்கு பெரிசு. குறைக்கணும். எட்டு என்றால் சரியாக இருக்கிறது. வாசல் வரை ஐந்து தடவை என்பதே அவர் சொன்ன இலக்கு என்றால், அதுவே போதும், 'இவ்வளவுதானா?' என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது.

வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடிய இன்னொரு காரியம், கொஞ்சம் கல்நெஞ்சமாகத் தெரியும். தண்ணீரைக் கையில் கொண்டுபோய்க் கொடுக்காமல் இருப்பது. அவர் எழும்போது 'என்ன வேணும்?' என்று கேட்காமல் இருப்பது. மாத்திரை டப்பா, பேப்பர், கண்ணாடி ஆகியவற்றை நாற்காலியிலிருந்து பத்தடி தள்ளி வைக்கலாம். அவசர இன்ஹேலர் மட்டும் எப்போதும் அவர் சட்டைப் பையிலோ இடுப்பிலோதான் இருக்க வேண்டும்; அதைத் தள்ளி வைக்கும் விளையாட்டு வேண்டாம்.

ஹாலிலிருந்து சமையற்கட்டு வரை

நடைக்குத் தெரு தேவையில்லை. ஹாலிலிருந்து சமையற்கட்டு வரை போய்த் திரும்புவது ஒரு சுற்று. ஒரு கிண்ணத்தில் புளியங்கொட்டை போட்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்றை எடுத்து அடுத்த கிண்ணத்தில் போட்டால் எண்ணிக்கை தப்பாது. தினசரி காலண்டர் தாளில் அன்றைய எண்ணை எழுதிவிட்டால், அதுவே ரிப்போர்ட். டாக்டரிடம் அடுத்த முறை போகும்போது அந்தத் தாள்களைக் காட்டலாம்.

ஒரே மூச்சில் நடக்க முடியாதவர், 2 நிமிடம் நடந்து 1 நிமிடம் நிற்கலாம். அப்படி விட்டுவிட்டுச் செய்வதும் தொடர்ந்து செய்வதும் ஏறக்குறைய ஒரே பலனைத் தரும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. நடக்கும் வழியில் நடுவே ஒரு நாற்காலியைப் போட்டு வைத்தால், 'உட்கார இடம் இருக்கு' என்ற தைரியத்திலேயே அதைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

காலுக்கு: கைப்பிடி இல்லாத, அசையாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, உட்கார்ந்து எழுவது. சக்கர நாற்காலியும், லேசான பிளாஸ்டிக் நாற்காலியும் வேண்டாம், வழுக்கும். முதல் வாரம் ஐந்து முறை எழுந்தால்கூட நல்ல தொடக்கம். கைக்கு: அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் என்பது ஏறக்குறைய அரை கிலோ எடை. அதை மெல்ல உயர்த்தி இறக்குவது.

மூச்சு விடும் முறையும் முக்கியம். மூக்கால் இரண்டு எண்ணும் வரை இழுத்து, உதட்டைக் குவித்து, சூடான டீயை ஆற்றுவதுபோல நாலு எண்ணும் வரை மெதுவாக ஊதுவது. இப்படி ஊதும்போது மூச்சுக்குழாய் சட்டென்று மூடிக்கொள்ளாமல், தேங்கிய காற்று கூடுதலாக வெளியேறுகிறது. எழும்போது, படி ஏறும்போது, எதையாவது தூக்கும்போது ஊத வேண்டும். தம் பிடிக்கவே கூடாது. பக்கத்திலேயே இன்னொன்றையும் சொல்லிவிடலாம்: மருந்துக்கடையில் விற்கும் மூன்று பந்துக் கருவியை வாங்கி வைத்துக்கொண்டு, 'நான்தான் தினமும் எக்சர்சைஸ் பண்றேனே' என்பவர்கள் நிறைய பேர். அது பெரும்பாலும் ஆபரேஷன் முடிந்தவர்களுக்காக வந்த கருவி. அதில் எத்தனை பந்து ஏறினாலும் தொடைத் தசை வளராது.

எவ்வளவு மூச்சு வாங்கலாம்? துளியும் வாங்காமல் நடந்தால் பயிற்சி இல்லை. பிசியோதெரபிஸ்ட்கள் 0 முதல் 10 வரை ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். 3, 4 என்ற இடத்தில் நிற்க வேண்டும். பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. நின்று சில நிமிடங்களில் மூச்சு பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வரவில்லையென்றால், மறுநாள் அளவைக் குறைக்கலாம். அதற்காக மறுநாள் லீவு விட வேண்டியதில்லை.

'வீட்டு வேலையே செய்றாங்களே, போதாதா?'

அம்மாக்கள் விஷயத்தில் இந்தக் கேள்வி அடிக்கடி வரும். வீட்டு வேலையும் அசைவுதான், சந்தேகமில்லை. ஆனால் துணி காயப்போடுவது, மேல் அலமாரியிலிருந்து டப்பா எடுப்பது, தலை வாருவது போன்றவை தோளுக்கு மேல் கை போகும் வேலைகள். மூச்சுக்கு உதவும் தசைகளே கைக்கும் வேலை செய்ய வேண்டியிருப்பதால், இந்த நோயில் நடப்பதைவிட இவற்றில் சீக்கிரம் மூச்சு முட்டும். குனிந்து பெருக்குவதும் அப்படியே. வயிறு அழுந்தி உதரவிதானம் இறங்க இடம் இருக்காது. நாள் முழுக்க இதில் களைத்துப்போய், 'இதுக்கு மேல நடை வேறயா?' என்று அவர் கேட்டால், அதில் நியாயம் இருக்கிறது.

அதனால் சிக்கனமும் செலவும் சேர்ந்தே போக வேண்டும். ஸ்டூலில் உட்கார்ந்து குளிப்பது, உட்கார்ந்து காய் நறுக்குவது, கொடியைத் தோள் உயரத்துக்கு இறக்கிக் கட்டுவது, இடுப்பு உயரத்தில் பாத்திரங்களை வைப்பது என்று மூச்சை மிச்சம் பிடிக்கலாம். மிச்சம் பிடித்ததை நடையில் செலவழிக்கலாம். நேர்மாறாக, 'அம்மாவுக்கு முடியல' என்று அடுப்படியையே அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொள்ளும் வீடுகளும் உண்டு. அங்கே தசையோடு சேர்ந்து, வீட்டில் அவருக்கு இருந்த இடமும் போய்விடுகிறது. விறகு அடுப்புப் புகையிலிருந்துதான் அவரை விலக்க வேண்டும், சமையலிலிருந்து அல்ல.

காற்று மோசமான நாட்களும் உண்டு. போகிப் புகை, தீபாவளி இரவு, மார்கழிக் காலையில் குப்பை எரிக்கும் வாடை. அன்றைக்கு ஜன்னலைச் சாத்திவிட்டு வீட்டுக்குள் நடக்கலாம். அக்னி நட்சத்திர வெயிலில், விடியற்காலையோ சாயங்காலமோ. கொசுவர்த்திச் சுருளும் சாம்பிராணியும் நடக்கும் அறையில் வேண்டவே வேண்டாம்.

எப்போது நிறுத்த வேண்டும்?

நெஞ்சு வலி, தலைசுற்றல், படபடப்பு, குளிர்ந்து வியர்ப்பது, உதடு நீலமாவது, நின்ற பிறகும் அடங்காத மூச்சு. இவற்றில் எது வந்தாலும் அந்த இடத்திலேயே நிறுத்தி, உட்கார்ந்து, மருத்துவ உதவி தேட வேண்டும். அடங்காவிட்டால் 108. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இருந்தால், 88 சதவீதத்துக்குக் கீழே போகும்போது நிறுத்தச் சொல்வது வழக்கம். ஆனால் அவரவருக்கான எண்ணை மருத்துவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். நகப்பூச்சு, சில்லிட்ட விரல், ஆடும் கை ஆகியவை தப்பான எண்ணைக் காட்டும். அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், இதயத்தில் சரிசெய்யப்படாத பிரச்சினை உள்ளவர்கள், அடிக்கடி விழுபவர்கள் தாங்களாகவே தொடங்கக் கூடாது.

வீட்டில் ஆக்ஸிஜன் வைத்திருப்பவர்களும் நடக்கலாம், நீளமான குழாயோடு. குழாய் காலில் தட்டாமல் ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆக்ஸிஜன் அளவை 'நடக்கிறாரே, கொஞ்சம் கூட்டி வைப்போம்' என்று வீட்டிலேயே திருகுவது ஆபத்து. சிலருக்கு அதிக ஆக்ஸிஜன், உடலில் கரியமில வாயுவைத் தேக்கிவிடும்.

சளி நிறம் மாறி, காய்ச்சலோடு நோய் முற்றி, மருத்துவமனையில் ஒரு வாரம் படுத்து வந்தவர்களின் கதை தனி. அந்த ஒரு வாரத்திலேயே கால் தசை கணிசமாக இளைத்துவிடும். பழைய எண்ணிக்கையை எதிர்பார்க்காமல், முன்பு செய்ததில் பாதியிலோ அதற்கும் கீழோ தொடங்கலாம். 'ஒரு மாசம் நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும்' என்று உறவினர்கள் சொல்வார்கள். டிஸ்சார்ஜ் ஆன சில வாரங்களுக்குள் பயிற்சியைத் தொடங்குவதைத்தான் மருத்துவ வழிகாட்டுதல்கள் பரிந்துரைக்கின்றன. எப்போது, எவ்வளவு என்பதை டிஸ்சார்ஜ் அன்றே டாக்டரிடம் கேட்டு, அந்தச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் நெஞ்சக நோய்ப் பிரிவும் பிசியோதெரபிப் பிரிவும் இருக்கின்றன. ஒருமுறை போய் அளவை முடிவுசெய்துகொண்டு வந்தால், மீதியை வீட்டில் தொடரலாம். 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் ரத்த அழுத்தம், சர்க்கரை நோயாளிகளுக்கானது என்றே பலரும் நினைக்கிறார்கள். வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை அளிப்பதும் அதில் ஓர் அங்கம். எழுந்து வெளியே வர முடியாத நிலையில் உள்ளவர்களுக்காக, மாத்திரை கொடுக்க வரும் பணியாளரிடமோ அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்டுப் பார்க்கலாம்.